இதயத்தில் புற்றுநோய் ஏன் அரிது? செல் பிரிவு, இதயத் துடிப்பு, கீமோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் என்பது கட்டுமீறிய செல் பிரிவு. இதயத் தசையோ, பிரிவதையே ஏறக்குறைய கைவிட்டுவிட்ட செல்களால் ஆனது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். இதயத்தில் கட்டி ஏன் அரிது, மாரடைப்பில் போன தசை ஏன் திரும்புவதில்லை, கீமோ எடுப்பவரை ஏன் திரும்பத் திரும்ப எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவரச் சொல்கிறார்கள் என்பதற்கெல்லாம் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

இதயத்துக்குப் புற்றுநோய் வரவே வராதாமே?

வரும். ஆனால் மிகவும் அரிது. பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தால், இதயத்திலேயே தோன்றிய கட்டி ஆயிரம் உடல்களில் ஒன்றில்கூடத் தென்படுவதில்லை. தென்பட்டவற்றிலும் பெரும்பாலானவை புற்றாக இல்லாத கட்டிகள். இதற்குச் சூடு, அன்பு, பிரார்த்தனை என்றெல்லாம் சொல்லப்படும் காரணங்களை ஒதுக்கிவிடலாம்.

வேறு உறுப்பில் தோன்றிய புற்று இதயத்துக்குப் பரவுவது தனிக் கதை. நுரையீரல், மார்பகம், ரத்தம், நிணநீர் ஆகியவற்றில் தொடங்கும் புற்றுகள் இதயத்தையும் அதைச் சுற்றியுள்ள உறையையும் எட்டுவது உண்டு. இதயத்திலேயே தோன்றுவதைவிட இது குறைந்தது 20 மடங்கு அதிகம். பெரும்பாலும் உறையில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்கும்போதுதான் தெரியவரும்.

ஒரு செல் எப்படி இரண்டாகிறது?

முதலில் செல் வளர்கிறது. பிறகு தன் 46 குரோமோசோம்களிலும் உள்ள டிஎன்ஏவை, அதாவது சுமார் 600 கோடி எழுத்துகளை, ஒன்று விடாமல் நகல் எடுக்கிறது. அடுத்து நகலில் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கிறது. கடைசியில் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரித்து, நடுவில் இறுகி இரண்டாகிறது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல் ஒன்றுக்கு இந்தச் சுற்று முழுவதும் முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். அதில் நகல் எடுக்கவே 8 மணி நேரம் போய்விடும். மைக்ராஸ்கோப்பில் நாம் பார்த்து வியக்கும் அந்தக் கடைசிக் கட்டம் ஒரு மணி நேரம்தான்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே சோதனை உண்டு. டிஎன்ஏ சேதமாகியிருந்தால் சுற்று அங்கேயே நிற்கும். ஒரே ஒரு குரோமோசோம், இழுத்துப் பிரிக்கும் இழைகளோடு சரியாகப் பிணைக்கப்படாமல் இருந்தாலும், மற்ற 45-ம் காத்திருக்கும். சுற்றை முன்நகர்த்தும் புரதங்களைக் கண்டுபிடித்தவர்கள் லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹன்ட் ஆகிய மூவர். 2001-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் ஆராய்ந்தது மனித உடலை அல்ல. ஈஸ்ட்டையும் கடல் முள்ளெலியின் முட்டையையும். அங்கே வேலை செய்யும் அதே பொறிதான் நமக்குள்ளும் இருக்கிறது.

புற்றுநோயில் இது எங்கே பிசகுகிறது?

சோதனைகளில். பி53 என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ சேதமானால் பிரிவை நிறுத்துவதும், பழுது பார்க்க முடியாவிட்டால் செல்லைச் சாகடிப்பதும் அதன் வேலை. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் இந்தப் புரதத்துக்கான மரபணு கெட்டுப்போயிருக்கிறது. ஆர்பி என்ற இன்னொரு புரதம், செல் நகல் எடுக்கத் தொடங்கலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றை ஆராய்ந்தபோதுதான் அதன் மரபணு முதலில் பிடிபட்டது.

மரபணு கெடாமலேயே இந்தப் புரதங்களை வீழ்த்தும் வழியும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ் இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஒன்று பி53-ஐ அழிக்கிறது, மற்றது ஆர்பியை முடக்குகிறது. வைரஸுக்குத் தேவை தன் நகல்கள். செல் பிரிந்துகொண்டே இருந்தால்தான் அது நடக்கும். புற்று அதன் நோக்கமே அல்ல, பின்விளைவு. இந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அதைப் போடலாமா என்று இன்னமும் தயங்கும் பெற்றோர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஒரே ஒரு பிசகில் புற்று வந்துவிடாது. பெரும்பாலும் பல மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும். வயது ஏற ஏறப் புற்று கூடுவதற்கு இது முக்கியக் காரணம்.

புற்றுச் செல்தான் உடலிலேயே மிக வேகமாகப் பிரியும் செல்லா?

இல்லை. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. சிறுகுடலின் உள்சுவர் மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிவிடுகிறது. பல கட்டிகள் இந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. மஜ்ஜைக்கு நிறுத்தத் தெரியும், புற்றுக்குத் தெரியாது. வேறுபாடு அவ்வளவுதான்.

கீமோவில் முடி கொட்டுவது, வாய் புண்ணாவது, வெள்ளணு குறைவது எல்லாம் இதனால்தான். பிரியும் செல்களைத் தாக்கும் மருந்துக்கு எது நல்ல பிரிவு, எது கெட்ட பிரிவு என்று தெரியாது.

சரி, இதயம் எப்படித் துடிக்கிறது?

வலது மேலறையின் மேல்பகுதியில் சைனஸ் முடிச்சு என்ற சிறு திசுத் துண்டு இருக்கிறது. 1907-ல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் இருவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். மூளை கட்டளையிடாமல் அது தானாகவே நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்பும். நரம்புகளின் வேலை அதைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே. அந்தத் துடிப்பு மேலறைகளில் பரவி அவற்றைச் சுருக்கிவிட்டு, நடுவில் உள்ள இரண்டாவது முடிச்சுக்கு வந்து சுமார் பத்தில் ஒரு விநாடி தாமதிக்கிறது. மேலறை ரத்தம் முழுவதும் கீழே இறங்க இந்த இடைவெளி தேவை. பிறகு கம்பி போன்ற இழைகள் வழியே பாய்ந்து இரு கீழறைகளையும் ஒருசேர இறுக்குகிறது. வலது கீழறை நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பும். இடது கீழறை மகாதமனி வழியே உடல் முழுவதற்கும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'லப்', 'டப்' இரண்டும் தசையின் ஒலி அல்ல, வால்வுகள் மூடும்போது எழும் ஒலி.

ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு ஒரு துடிப்பில் சுமார் 70 மில்லி ரத்தம் வெளியேறும், நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் துடிப்பு, 7,000 லிட்டருக்கு மேல் ரத்தம். 'இதயம் ஓய்வே எடுப்பதில்லை' என்பது மேடைப் பேச்சுக்கு அழகாக இருக்கும். உண்மையில் நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால், ஒவ்வொரு 0.8 விநாடியிலும் கீழறைகள் சுமார் 0.3 விநாடிதான் சுருங்குகின்றன. மீதி நேரம் தளர்ந்திருக்கின்றன. இடது கீழறைத் தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் அந்தத் தளர்ந்த நேரத்தில்தான் அதற்குள் போகிறது. துடிப்பு அளவுக்கு மீறி வேகமானால் இதயம் தன் சாப்பாட்டு நேரத்தையே இழக்கிறது.

இதயத் தசைச் செல் ஏன் பிரிவதில்லை?

அதற்குள் இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஒரு இதயத் தசைச் செல்லைத் திறந்து பார்த்தால், சுருங்கி விரியும் புரத இழைகள் வரிவரியாக அடுக்கப்பட்டிருக்கும். மிச்ச இடத்தில் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியாக்கள் அடைத்துக்கொண்டிருக்கும். செல்லின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவைதான். இரு முனைகளிலும் பக்கத்துச் செல்லோடு இறுகப் பிணைந்திருக்கும், மின்துடிப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றிப் போக. இப்படிப்பட்ட செல் பிரிய வேண்டுமானால், இழைகளைக் கலைத்து, பிணைப்பைத் தளர்த்தி, உருண்டையாகி, இரண்டாகி, மறுபடியும் எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். ஓடும் பஸ்ஸில் இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற வேலை.

கருவில் இருக்கும்போது இந்தச் செல்கள் தாராளமாகப் பிரிகின்றன. பிறந்த பின் நிறுத்திக்கொள்கின்றன. எலிகளில் செய்த ஆய்வுகள், பிறந்ததும் மூச்சுவிடத் தொடங்கும்போது கூடும் ஆக்சிஜன் இதற்கு ஒரு காரணம் என்று காட்டுகின்றன. ஆக்சிஜன் கூடினால் டிஎன்ஏ சேதமும் கூடும். அது செல் சுற்றை நிறுத்திவிடும். அதற்குப் பின் சில செல்கள் டிஎன்ஏவை இரட்டிப்பாக்குவது உண்டு, ஆனால் இரண்டாகப் பிரியாமல் அப்படியே இருந்துவிடும்.

துளிகூடப் பிரிவதில்லையா? அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கொஞ்சம் பிரிகின்றன. கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் கதைகளில் ஒன்று.

1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரட்டிப்பானது. 1963-ல் அந்தச் சோதனைகளை நிறுத்த ஒப்பந்தம் வந்தது. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு அளவு இறங்கிக்கொண்டே வந்தது. செடி காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது, நாம் செடியைச் சாப்பிடுகிறோம், அந்தக் கார்பன் புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் சேர்கிறது. செல்லின் மற்ற பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கும், டிஎன்ஏ மட்டும் மாறாது. ஆகவே ஒரு செல்லின் டிஎன்ஏவில் உள்ள கார்பன்-14-ஐ அளந்தால், அந்தச் செல் எந்த ஆண்டுவாக்கில் உண்டானது என்று சொல்லிவிடலாம்.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசேனின் குழு, இறந்தவர்களின் இதயத் தசைச் செல்களை இப்படி அளந்து 2009-ல் முடிவை வெளியிட்டது. 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீத இதயத் தசைச் செல்கள் புதிதாகின்றன. 75 வயதில் அது 0.45 சதவீதமாகக் குறைகிறது. ஆயுள் முழுவதும் வாழ்ந்து முடித்தாலும் பாதிக்கும் மேற்பட்ட செல்கள் பிறந்தபோது இருந்தவையே. அதாவது, உங்கள் நெஞ்சில் இப்போது துடிப்பவற்றில் பெரும்பாலானவை உங்கள் தாயார் உங்களைத் தொட்டிலில் போட்டபோது துடித்த அதே செல்கள்.

பிரிவு குறைவு என்றால் நகல் பிழைகளும் குறைவு. புற்று தொடங்க வாய்ப்பும் குறைவு. மூளையிலும் இதே நிலைதான்: அங்கே வரும் புற்றுகள் பெரும்பாலும் பிரியாத நரம்புச் செல்களிலிருந்து வருவதில்லை, அவற்றுக்குத் துணையாக இருக்கும், பிரியக்கூடிய செல்களின் வழியில்தான் வருகின்றன.

அப்படியானால் இதயத்தில் வரும் கட்டிகள் எவை?

பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது மிக்ஸோமா. கூழ் போன்றது, புற்று அல்ல. பெரும்பாலும் இடது மேலறையில், நடுச்சுவரிலிருந்து ஒரு காம்பில் தொங்கும். எக்கோ திரையில் பார்த்தால், ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் கட்டி அந்த வாய்க்குள் சரிந்து இறங்கும், மூடும்போது மேலே வரும். உட்கார்ந்தால் மூச்சு முட்டும், படுத்தால் சரியாகும் என்று நோயாளி சொல்வது இதனால்தான். சாதாரண இதய நோயாளிகள் சொல்வதற்கு இது நேர் எதிர். துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அத்தோடு முடிந்துவிடும்.

குழந்தைகளுக்கு வருவது ராப்டோமயோமா. இது இதயத் தசைச் செல்லிலிருந்தே வருகிறது. எப்போது? கருவில் அந்தச் செல்கள் இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் காலத்தில். பிறந்த பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். உண்மையான புற்றான ஆஞ்சியோசார்க்கோமாவோ தசையிலிருந்து வருவதில்லை, ரத்தக் குழாய்களின் உள்சுவர்ச் செல்களிலிருந்து வருகிறது. அந்தச் செல்கள் பிரியக்கூடியவை.

உயர் ரத்த அழுத்தத்தில் இதயம் பெரிதாகிறதே, அது செல் பெருக்கம் இல்லையா?

இல்லை. செல்களின் எண்ணிக்கை கூடுவதில்லை, ஒவ்வொரு செல்லும் தடிக்கிறது.

மாரடைப்பில் செத்த தசை மறுபடி வளருமா?

வளராது. இடது கீழறையில் சில நூறு கோடி தசைச் செல்கள் இருக்கின்றன. பெரிய மாரடைப்பு ஒன்றில் 100 கோடி செல்கள் வரை போகலாம். அந்த இடத்தை நார்த் திசு நிரப்பித் தழும்பாக்கிவிடும். தழும்பு கிழியாது, ஆனால் சுருங்கவும் செய்யாது. நெஞ்சுவலி வந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று டாக்டர்கள் தலைதலையாய் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

ஜீப்ரா மீன் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கொடுத்துவைத்தது. அதன் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் மீண்டும் வளர்ந்துவிடும் என்று 2002-ல் காட்டினார்கள். பிறந்த மறுநாள் எலிக்குட்டிக்கும் அது முடிகிறது. ஒரு வாரம் கழித்து முடிவதில்லை.

அப்படியானால் நம் இதயச் செல்களையும் வலுக்கட்டாயமாகப் பிரிய வைத்தால் என்ன? பன்றிகளில் செய்து பார்த்தார்கள். மாரடைப்பு உண்டாக்கிய பன்றிகளின் இதயத்துக்குள், பிரிவைத் தூண்டும் நுண்ணிய ஆர்என்ஏவை ஒரு வைரஸ் மூலம் செலுத்தினார்கள். ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது, இதயம் வலுப்பெற்றது. ஆனால் தூண்டுதல் நிற்கவில்லை. முதிராத செல்கள் தசைக்குள் கட்டுமீறிப் பெருகின. துடிப்பின் ஒழுங்கு குலைந்து பெரும்பாலான பன்றிகள் திடீரென்று செத்துப்போயின. 2019-ல் வெளிவந்த இந்த முடிவைப் படித்தால், இதயம் ஏன் பிரிவைக் கைவிட்டது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கீமோ பிரியும் செல்களைத்தானே தாக்கும்? பிரியாத இதயத்தை ஏன் கெடுக்கிறது?

எல்லாக் கீமோவும் கெடுப்பதில்லை. முக்கியமாகச் சொல்ல வேண்டியது டாக்ஸோரூபிசின். மார்பகப் புற்று, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, குழந்தைகளின் பல புற்றுகளுக்குப் பயன்படும் சிவப்பு நிற மருந்து. போட்ட ஓரிரு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். இத்தாலியில் காஸ்தெல் தெல் மோந்தே கோட்டைக்கு அருகில் எடுத்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவில் இதன் கதை தொடங்கியது.

டிஎன்ஏவின் முறுக்கை அவிழ்க்கும் ஒரு நொதியை இது சிக்கவைத்து, டிஎன்ஏவை அறுபடச் செய்கிறது. பிரியும் செல்லில் அந்த நொதிக்கு ஒரு வடிவம், பிரியாத இதயச் செல்லில் அதே நொதியின் வேறு வடிவம். மருந்து இரண்டையும் பிடிக்கும். போதாததற்கு, இதயச் செல்லில் நிறைந்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களையும் சிதைக்கிறது. மஜ்ஜையும் அடி வாங்குகிறது, ஆனால் மூன்று வாரத்தில் புதிய செல்களைப் பெற்றுவிடும். இதயத்துக்கு அந்த வசதி இல்லை. போனது போனதுதான்.

அதனால் வாழ்நாள் முழுவதும் சேர்ந்த மொத்த அளவைக் கணக்கிட்டே இதைத் தருகிறார்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் சேரும்போது இதயச் செயலிழப்பு சுமார் 5 சதவீதம் பேருக்கு வந்தது. 550-ல் 26 சதவீதம், 700-ல் 48 சதவீதம். மார்பகப் புற்றுக்கு இன்று வழக்கமாகத் தரும் நான்கு சுற்றுகளில் சேர்வது 240 மட்டுமே. ஆகவே பயந்து சிகிச்சையை நிறுத்த வேண்டாம். ஆனால் முன்பு எப்போதாவது இந்த மருந்து எடுத்திருந்தால், அது 20 ஆண்டுக்கு முன் சிறுவயதில் என்றாலும், புதிய டாக்டரிடம் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

நித்யகல்யாணியிலிருந்துதானே கீமோ மருந்து எடுக்கிறார்கள்? வீட்டிலேயே இலையை அரைத்துக் குடித்தால் என்ன?

வேண்டவே வேண்டாம். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்யகல்யாணியிலிருந்து வந்தவை என்பது உண்மை. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மருந்துக்காகவே இது பயிராகிறது. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இதைச் சர்க்கரை நோய்க்காகச் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் இறங்கின. ரத்தப் புற்றுக்கான வழி அங்கே திறந்தது. குரோமோசோம்களை இழுக்கும் இழைகள் உருவாகாமல் தடுத்து, செல்லைப் பாதிப் பிரிவில் நிறுத்துகிறது இந்த மருந்து.

ஆனால் 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க அரை டன் காய்ந்த இலை தேவை. ஒரு கைப்பிடி இலையில் புற்றைக் குணமாக்கும் அளவு இருக்காது. அந்தச் செடியின் வேறு நச்சுகள் தாராளமாக இருக்கும்.

"பம்பிங் 55 இருக்கிறது" என்றால் பாதி இதயம் போய்விட்டதா?

இந்தக் கேள்வியோடு அழுதுகொண்டு வருபவர்கள் அநேகம். 55 என்பது இயல்பான அளவு. கீழறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதே அந்த எண். எந்த ஆரோக்கியமான இதயமும் நூறு சதவீதத்தைத் தள்ளாது. 55 முதல் 70 வரை இருந்தால் நல்லது. கீமோ தொடங்கும் முன் ஒரு எக்கோ எடுப்பது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான். 65-லிருந்து 52-க்கு இறங்கினால், 52 என்ற எண்ணைவிட அந்த 13 புள்ளி சரிவுதான் டாக்டரைக் கவலைப்படுத்தும்.

ஹெர்2 ஊசி போடுகிறார்கள். அதுவும் இதயத்தைக் கெடுக்குமா?

டிராஸ்டுசுமாப் பற்றிக் கேட்கிறீர்கள். சில மார்பகப் புற்றுச் செல்களின் மேல் மிகுதியாக இருக்கும் ஹெர்2 புரதத்தைப் பிடித்து அடைக்கும் மருந்து இது. அதே புரதம் இதயச் செல்லிலும் கொஞ்சம் இருக்கிறது, நெருக்கடியில் அதைக் காப்பாற்றுகிறது. முதல் பெரிய ஆய்வில் டாக்ஸோரூபிசின் வகை மருந்தோடு சேர்த்துத் தந்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயம் தளர்ந்தது. இப்போது இரண்டையும் ஒரே நேரத்தில் தருவதைத் தவிர்க்கிறார்கள். இந்த மருந்தால் வரும் பாதிப்பில் செல்கள் பெரும்பாலும் சாவதில்லை, சோர்ந்துபோகின்றன. ஊசியை நிறுத்தினால் பலருக்கு இதயம் தேறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுப்பது அதற்காகத்தான். அலைச்சல் என்று தவிர்க்காதீர்கள்.

இடது மார்பகத்துக்குக் கதிர்வீச்சு. இதயத்தில் படாதா?

கொஞ்சம் படும். மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்லிக் கதிர்வீச்சு தரும் முறை உள்ளது. நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிக்கொள்ளும். அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் கீமோ எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம். மருந்தை மாற்றுவது, மெதுவாக ஏற்றுவது, இதயத்தைக் காக்கும் மருந்து சேர்ப்பது என்று வழிகள் இருக்கின்றன. வயது 65-க்கு மேல், சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பே மார்பில் கதிர்வீச்சு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். முதல் சுற்றுக்கு முன்பே புற்றுநோய் டாக்டரும் இதய டாக்டரும் பேசிக்கொள்ள வேண்டும். பிபி மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

மாடி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்குவது, இரவில் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாமல் போவது, கணுக்காலில் அழுத்தினால் குழி விழும் வீக்கம், இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறுவது, படபடப்பு. 'கீமோ அசதி' என்று இவற்றை வீட்டார் தள்ளிப்போடுவதுதான் அதிகம் நடக்கிறது. அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். குடல் புற்றுக்குத் தரும் 5-எஃப்யூ ஊசியோ கேபசிட்டபின் மாத்திரையோ எடுக்கும்போது நெஞ்சுவலி வந்தால், அது வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். அந்த மருந்துகள் இதயத் தமனியை இறுக்கிப் பிடிக்கக்கூடியவை. அடுத்த மாத்திரையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.